நீலகிரிச் சரிவில் மின்தடை சர்வே: மீட்டர் குழப்பினால் எங்கே பார்ப்பது

வீடு கட்டுவதற்கு முன்போ தடுப்புச் சுவர் எழுப்புவதற்கு முன்போ நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, மண்ணுக்குள் மின்சாரம் விட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீட்டரை இயக்க ஒரு நாளில் பழகிவிடலாம். அது காட்டுகிற எண்ணைப் படிப்பதில்தான் நம் மலையில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சமவெளிக்காக எழுதிய அட்டவணையை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, கெட்ட மண்ணை நல்ல மண் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் நாம் எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். அது காலங்காலமாக மழையில் மக்கி, மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையும் கலந்த வழவழப்பான மக்கின பாறை, அதற்கும் கீழே உருண்டைக் கற்கள், அப்புறம் கெட்டிப் பாறை என்று இருக்கும். இந்த மக்கின அடுக்கு ஓரிடத்தில் இரண்டு மீட்டர் இருக்கும், இன்னோர் இடத்தில் இருபது முப்பது மீட்டருக்கும் போகும், ஒரே தோட்டத்துக்குள்ளேயே மாறும். மழைத் தண்ணீர் செம்மண்ணில் சுலபமாக இறங்கி, இந்த வழவழப்பான அடுக்கில் தேங்கி, பாறைமேல் ஓட ஆரம்பித்தால் மேலே இருப்பது மொத்தமும் நகரலாம். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் ஒரே மழையில் சரிவுகள் வரிசையாக இறங்கி நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நமக்குக் கண்டுபிடிக்க வேண்டியது அந்த அடுக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு தடிமன், எவ்வளவு ஈரம் என்பதுதான்.

கணக்கு சுலபம். வென்னர் முறையில் நான்கு கம்பிகளும் சம இடைவெளியில் ஒரே நேர்கோட்டில் நிற்கும். வெளிக் கம்பி இரண்டிலும் கரன்ட், உள் கம்பி இரண்டிலும் வோல்டேஜ். மீட்டர் காட்டும் ஓமை 6.28ஆலும் இடைவெளியாலும் பெருக்கினால் மின்தடைத்திறன், ஓம் மீட்டரில். மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது, ஈரமோ களியோ இருந்தால் குறையும், பாறையில் கூடும். 5 மீட்டர் இடைவெளியில் 3.2 ஓம் வந்தால் சுமார் 100 ஓம் மீட்டர். இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழமாகப் பார்க்கிறோம். ஆனால் 5 மீட்டர் இடைவெளி என்றால் 5 மீட்டர் ஆழம் என்று அப்படியே எழுதிவிடாதீர்கள், ரீடிங்கில் பெரும்பங்கு அதில் பாதி ஆழத்துக்குள் இருக்கிற மண்ணிலிருந்துதான் வருகிறது.

கரன்ட் ஏறவே மாட்டேன் என்கிறது

கேபிளைத்தான் முதலில் பாருங்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இழுத்துப் போகும்போது கவாத்து வெட்டின குச்சியில் சிக்கி, உறை நன்றாக இருக்க உள்ளே கம்பி மட்டும் அறுந்திருக்கும். கேபிள் சரி என்றால் அடுத்தது கம்பி மண்ணைத் தொடும் இடம். மார்ச் மாதத்து மேட்டு நிலத்தில் மேல் மண் பொடியாக இருக்கும், கம்பி ஆடும். உப்புத் தண்ணீர் ஊற்றி, சுற்றி மண்ணை மிதித்து இறுக்குங்கள். போதாவிட்டால் ஓர் அடி தள்ளி, கம்பிகள் நிற்கிற கோட்டுக்கு (இதைத்தான் லைன் என்கிறேன்) குறுக்கே இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் இணைத்துவிடுங்கள். தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்ட வேண்டாம். சின்ன இடைவெளியில் ஒரு கம்பியின் ஈரம் அடுத்த கம்பி வரை ஓடிப் போனால் நீங்கள் அளப்பது உங்கள் உப்புத் தண்ணீரைத்தான்.

பிடிப்பு வர வேண்டும் என்று சம்மட்டியால் ஆழமாக இறக்குகிற பழக்கமும் உண்டு. இடைவெளியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் கம்பி இறங்கக் கூடாது. ஒரு மீட்டர் இடைவெளிக்கு ஐந்து சென்டிமீட்டர், அவ்வளவுதான்.

ரீடிங் நிற்காமல் ஆடுகிறது

தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா, பக்கத்தில் காட்டெருமைக்காகப் போட்ட சோலார் வேலி இருக்கிறதா என்று பாருங்கள். வேலி என்றால் ஒரு நொடிக்கு ஒரு தடவை போல முள் துள்ளும், தாளம் பிடித்தே கண்டுபிடித்துவிடலாம். உரிமையாளரிடம் சொல்லி அரை மணி நேரம் அணைக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் லைனை வேலியிலிருந்து தள்ளி வையுங்கள். மின்கம்பிக்கு இணையாக லைன் போடாமல் குறுக்கே போட்டால் பாதித் தொந்தரவு போய்விடும்.

இதெல்லாம் இல்லாமலும் ஆடினால், சிக்னல் மிகச் சின்னதாக இருக்கிறது என்று பொருள். 100 ஓம் மீட்டர் மண்ணில் 20 மீட்டர் இடைவெளி வைத்தால் மீட்டரில் வர வேண்டியது வெறும் 0.8 ஓம். கடைசி இலக்கம் 0.1 ஓம் மட்டுமே காட்டுகிற சாதாரண எர்த் டெஸ்டரில் ஓர் இலக்கம் மாறினாலே எட்டில் ஒரு பங்கு பிழை. எலெக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்கிய டெஸ்டரை வைத்துக்கொண்டு ஆழமாகப் பார்க்கிறேன் என்று நீட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. 0.01 வரை காட்டுகிற கருவி வேண்டும், கரன்ட் திசையை மாற்றி மாற்றி அனுப்பிச் சராசரி எடுப்பதாக இருந்தால் இன்னும் நல்லது.

மைனஸில் காட்டுகிறது

உள் கம்பி இரண்டின் வயரும் மாறியிருக்கும். பத்தில் ஒன்பது முறை அதுதான். சரி, வயர் சரியாகத்தான் இருக்கிறது என்றால், கரன்ட் போகாத நேரத்திலும் உள் கம்பிகளுக்கு இடையே சில மில்லிவோல்ட் நிற்கிறதா பாருங்கள். மண்ணே தரும் வோல்டேஜ் அது. திசை மாற்றி எடுக்காத பழைய டிசி கருவியில் இது ரீடிங்கை விழுங்கிவிடும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. கம்பிகளை அசைக்காமல் கரன்ட் வயரை உள்ளேயும் வோல்டேஜ் வயரை வெளியேயும் மாற்றிப் போட்டு மறுபடி எடுங்கள். மண் எப்படி இருந்தாலும் இரண்டு ரீடிங்கும் ஒன்றாகத்தான் வர வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு மண்ணில் இல்லை, உங்கள் இணைப்பில் இருக்கிறது.

கிராப்பில் ஒரு புள்ளி மட்டும் எகிறுகிறது, அல்லது கோடு செங்குத்தாக ஏறுகிறது

இடைவெளிக்கு எதிராக மின்தடைத்திறனை லாக்-லாக் தாளில் (இரண்டு அச்சிலும் அளவு பத்துப் பத்து மடங்காக ஏறும் கிராப் தாள்) வரைந்து பாருங்கள். அடுக்கடுக்காகக் கிடைமட்டமாக இருக்கிற மண்ணில், அடியில் எவ்வளவு கெட்டியான பாறை இருந்தாலும், கோடு 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக ஏற முடியாது. ஏறினால் அது ஆழத்தில் வரும் மாற்றம் அல்ல, பக்கவாட்டில் ஏதோ இருக்கிறது. மண்ணில் புதைந்த உருண்டைக் கல், பக்கத்து வெட்டு, மேலே அடுக்குத் தோட்டத்தின் சுவர், இவற்றில் ஒன்று.  குடிநீர் இரும்புக் குழாயோ, குன்னூர் பக்கம் என்றால் ரயில் தண்டவாளமோ லைனுக்கு இணையாக ஓடினால் எதிர்மாறாக ரீடிங் தாழும். லைனைக் கடிகார முள் போலத் திருப்பி, நடுப்புள்ளியை மாற்றாமல் வேறு திசையில் எடுங்கள். மண்ணாக இருந்தால் ஏறக்குறைய அதே கோடு வரும், குழாயோ கல்லோ ஆனால் மாறிவிடும்.

திசை பற்றி ஒன்று. மலையில் லைனை முடிந்தவரை சமமட்டத்தில், சரிவுக்குக் குறுக்காக, தேயிலை வரிசை ஓடுகிற வாக்கில் போடுங்கள். மேலிருந்து கீழாக ஒரு லைன் கட்டாயம் வேண்டும்தான், சரிவின் முழு உருவம் அதில்தான் தெரியும், ஆனால் அதற்கு ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் அளந்து மென்பொருளில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் விட்டால், டைபோல்-டைபோல் முறையில் (கரன்ட் கம்பி இரண்டும் ஒரு பக்கம், வோல்டேஜ் கம்பி இரண்டும் தள்ளி இன்னொரு பக்கம் நிற்கிற முறை) பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் அடியில் இல்லாத ஈர மண்ணும், மேட்டைத் தாண்டும் இடத்தில் இல்லாத பாறையும் படத்தில் முளைக்கும். பார்க்க அழகான கலர் படமாகவும் இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மேல் ஒரு மீட்டரே மிகக் குறைவாகக் காட்டுகிறது

கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம் என்றால் உரம். போட்ட உரம் ஈரத்தில் கரைந்து மேல் மண்ணில் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வீட்டருகே என்றால் உப்பும் கரியும் போட்ட எர்த் குழி எங்கே என்று கேளுங்கள், அதைவிட்டுத் தள்ளிப் போங்கள்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால், சரிவின் கீழ்ப்பக்கமாக, குறைந்த தடை ஒரு நாக்கு போல நீண்டு இறங்கினால் அது செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழியிலிருந்து கசியும் தண்ணீர். உப்பு அதிகம் இருப்பதால் பளிச்சென்று தெரியும். இதைத் தவறான ரீடிங் என்று நினைத்து அடித்துவிடாதீர்கள். மழை இல்லாத மாதங்களிலும் அந்தச் சரிவுக்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். தடுப்புச் சுவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தக் குழியை இடம் மாற்றச் சொல்லுங்கள்.

நடு ஆழத்தில் தடை குறைகிறது: களிமண்ணா, தண்ணீரா?

நமக்கு வேண்டிய கேள்வியே இதுதான், ரீடிங் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது.

சமவெளி அட்டவணையில் களிமண் என்றால் சில ஓம் மீட்டரிலிருந்து சில பத்து ஓம் மீட்டர் வரை போட்டிருக்கும். கரிசல் மண்ணுக்கு அது சரி. அதில் இருக்கிற களிமண் வகை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நிலத்தடி நீரிலும் உப்பு இருக்கும். நம் மலையில் இரண்டுமே வேறு. இங்கே களிமண் பெரும்பாலும் கயோலினைட், அது தன்னளவில் அதிகம் கடத்தாது. தண்ணீரோ உப்பெல்லாம் மழையில் கழுவிப் போன மெல்லிய ஊற்றுத் தண்ணீர். அதனால் நன்றாக ஊறிய, விரலால் அழுத்தினால் குழைகிற மக்கின மண்கூட இருநூறு முந்நூறு ஓம் மீட்டர் காட்டிக்கொண்டு நிற்கும். அட்டவணையை மட்டும் பார்க்கிறவர் "மணல் கலந்த மண், பிரச்சினை இல்லை" என்று எழுதிவிடுவார். தயவுசெய்து எழுதாதீர்கள்.

எண்ணைத் தனியாகப் பார்க்காமல், சுற்றியுள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே லைனில் மேட்டுப் பகுதியின் செம்மண் ஆயிரத்துக்கு மேல் காட்டி, அடியில் பாறை பல ஆயிரம் காட்டி, நடுவில் ஒரு பட்டை மட்டும் இருநூறுக்குத் தாழ்கிறது என்றால் அந்தத் தாழ்வுதான் நீங்கள் தேடும் அடுக்கு. அந்தப் பட்டை சரிவின் போக்கிலேயே கீழ்நோக்கிச் சாய்ந்து, கீழே ஊற்று கசிகிற இடத்தில் தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் இரண்டு பருவத்தில் எடுங்கள். பிப்ரவரி மார்ச்சில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை, அதே கம்பிக் குழிகளில். தண்ணீர் வந்து போகிற இடம் இரண்டுக்கும் நடுவே பெரிதாக மாறும். எப்போதும் ஈரம் பிடித்து வைத்திருக்கும் களி அடுக்கு அதிகம் மாறாது. எந்த மழை என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது. கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானி பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் சோதனை (2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது). குன்னூர், கோத்தகிரி கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழை. கோத்தகிரியில் ஆகஸ்டில் எடுத்துவிட்டு "மழைக்காலத்தில் பார்த்துவிட்டோம்" என்று சொன்னால் அது கணக்கில் வராது.

கருவியில் ஐ.பி. (induced polarization) வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். கரன்ட்டை நிறுத்திய பிறகும் வோல்டேஜ் மெதுவாக இறங்கினால் களி இருப்பதற்கு அது ஓர் அடையாளம், வெறும் தண்ணீர் அப்படிக் காட்டாது.

எல்லாவற்றுக்கும் மேலே, துளை போட்டுப் பாருங்கள். கை ஆகர் (கையால் திருகி மண்ணை எடுக்கும் துளைக்கருவி) போதும், தடை தாழ்கிற இடத்தில் ஒன்று, தாழாத இடத்தில் ஒன்று. ஆகரை எடுக்க எடுக்க மண் சிவப்பிலிருந்து காவிக்கும், காவியிலிருந்து மஞ்சளும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்த நிறத்துக்கும் மாறும். அந்தத் திட்டு மண்ணில் உற்றுப் பார்த்தால் பழைய பாறையின் வரிகள் அப்படியே தெரியும், ஆனால் கட்டைவிரல் வைத்து அழுத்தினால் மாவாக நசுங்கும். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் இழையாக உடையாமல் வந்தால் களி, உதிர்ந்தால் மணல் கலந்தது. அதே மண்ணைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஈரப்பதம் பார்க்கக் கொடுங்கள். இந்த இரண்டு துளையும் இல்லாத மின்தடை அறிக்கையை நான் முழு அறிக்கையாக ஏற்க மாட்டேன், யார் கையெழுத்துப் போட்டிருந்தாலும்.

அடுக்கின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறுகிறது

ஒரே டேட்டாவை இரண்டு பேரிடம் கொடுத்தால் ஒருவர் 2 மீட்டர் என்பார், இன்னொருவர் 4 மீட்டர் என்பார். இருவர் மேலும் தப்பில்லை. இரண்டு அதிகத் தடை அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட குறைந்த தடை அடுக்கில், தடிமனைத் தடைத்திறனால் வகுத்தால் வரும் விகிதம் மட்டுமே மேலே தெரியும். 50 ஓம் மீட்டரில் 2 மீட்டரும், 100 ஓம் மீட்டரில் 4 மீட்டரும் ஏறக்குறைய ஒரே கோட்டைத்தான் தரும். அடித்தளம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது இந்தத் தடிமனை நம்பியிருக்கிறது, அதனால் இதை மென்பொருளிடம் விடக் கூடாது. ஒரு துளையில் தடிமனை நேரில் அளந்து, அதைப் பூட்டி வைத்துவிட்டு மற்றதைக் கணக்கிடச் சொல்லுங்கள். இன்னொரு தொல்லை, மேலும் கீழும் இருப்பவற்றுக்கு இடைப்பட்ட தடை உள்ள மெல்லிய அடுக்கு கோட்டில் தெரியாமலே போகும். ஊறின களி அரை மீட்டர்தான் இருந்தாலும் சறுக்க அது போதும்.

ஆழமே கிடைக்கவில்லை

ஐந்து சென்ட் மனையில் 15 மீட்டர் லைன்தான் விழும். வென்னரில் அது இரண்டரை மீட்டர் ஆழத்துக்குமேல் பார்க்காது. 2 மீட்டர் இடைவெளியில் 48 கம்பி, அதாவது 94 மீட்டர் லைன் போட்டால்தான் 15, 16 மீட்டர் கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் மேல் ரோட்டிலும் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும். சரிவு உங்கள் வேலியோடு முடிவதில்லை என்பதால் எப்படியும் அந்த நிலத்தையும் பார்க்க வேண்டியதுதான்.

ரீடிங் அதிகம், ஆனால் தரை மெத்தென்று இருக்கிறது

அதிகத் தடை என்றாலே பாறை என்று துள்ள வேண்டாம். வெட்டின மண்ணைச் சரிவின் விளிம்பில் கொட்டிச் சமப்படுத்திய மனைகளில், மண் தளர்வாக, காற்று நிறைந்து, கோடையில் ஆயிரக்கணக்கில் காட்டும். மழை வந்ததும் அதே இடம் தொப்பென்று விழும். பழைய ஆட்களிடம் கேளுங்கள், அந்த இடத்தில் முன்பு எந்த மட்டத்தில் தேயிலை இருந்தது என்று சொல்வார்கள். மண்ணுக்கடியில் தண்ணீர் அரித்த பொந்து இருந்தாலும், காலியாக இருக்கும்வரை தடை அதிகமாகவும் தண்ணீர் நிரம்பியதும் குறைவாகவும் காட்டும். தனி உருண்டைக் கல்லைப் பாறை மட்டம் என்று நம்பி அதன்மேல் தூண் நிறுத்தியவர்களும் உண்டு. கல்லைச் சுற்றியும் அடியிலும் குழைந்த மண் இருக்கும். மூன்று நான்கு இடத்தில் ஒரே ஆழத்தில் அதிகத் தடை வந்தால்தான் அது பாறை மட்டம்.

காலையில் ஒன்று, மதியம் ஒன்று

ஒரு டிகிரி வெப்பம் கூடினால் தடை சுமார் 2 சதவீதம் குறையும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் மேல் மண் எடுத்தால் அதிகமாகவும் மதியம் குறைவாகவும் வரும். ஆழமான ரீடிங் மாறாது. மாறினால் கம்பியின் பிடிப்பைப் பாருங்கள்.

ரீடிங் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால்...

சரிவின் மேல்பக்கத்தில் பிறை வடிவில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று பிடிக்க ஆரம்பித்த கதவுகள், தெளிவாக வந்த ஊற்று கலங்கலாக மாறுவது, இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் மீட்டர் சொல்வதை ஒதுக்கி வையுங்கள். வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்காமல் களிமண் வைத்து அடைத்துத் தார்ப்பாய் போடுங்கள், மேலிருந்து வரும் ஓடையைப் பக்கவாட்டில் திருப்புங்கள், வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து இடைவெளியைத் தினமும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது இடைவெளி கூடுகிறது என்றால் கேபிளைச் சுருட்டக்கூட நிற்க வேண்டாம், கீழே இருக்கிற வீடுகளையும் காலி செய்யச் சொல்லிவிட்டு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் கூப்பிடுங்கள்.